நிலத்தடி எண்ணெயும் கம்ப்யூட்டர் கணக்கும்

நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்துவிட்டால் என்ன செய்வது? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பெரிய மோட்டாராகப் போட்டு இறைத்து வெளியே ஊற்ற வேண்டியதுதான்." குடத்தில் தூசி விழுந்தால் தண்ணீரைக் கொட்டிக் குடத்தைக் கழுவுகிறோமே, அந்த மாதிரி. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. படித்ததில் புரிந்தது, பூமி குடம் இல்லை என்பது.

இந்த வேலைக்கு இப்போது கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை கிணறு போடலாம், எவ்வளவு இறைக்கலாம், எத்தனை வருஷம் ஆகும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. இது நல்லதா, கண்துடைப்பா? என் அபிப்பிராயம், நல்லது என்பதே. ஆனால் கணக்கை யார் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. இதைத்தான் இன்று எழுத வந்தேன்.

முதலில் எண்ணெய் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை. குழாயிலோ தொட்டியிலோ கசிந்தால் மண் வழியாக இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே போய் மிதக்கும். அதில் ஒரு பகுதி மண் துகள்களுக்கு இடையில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பென்சீன் போன்ற சில பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். கரைந்தது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும். கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் ஒரு தெருவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பென்சீன் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த அளவு. அமெரிக்காவில் 5. ஒரு மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இப்போது நாம் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த ஒரு பங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் எட்டு கிராம் பென்சீனுக்குக் கொஞ்சம் மேலே வரும். அது முழுவதும் கரைந்தால் எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த 10 மைக்ரோகிராம் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பென்சிலும் பேப்பரும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிந்தியது ஒரு லிட்டர்தான்!

சரி, இறைத்தால் என்ன தப்பு? ஓரிடத்தில் பலமாக இறைத்தால் அங்கே நீர்மட்டம் கீழே இறங்கும். மேலே மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கும். அதுவரை சுத்தமாக இருந்த அடிமண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தினால் நீர்மட்டம் ஏறும், எண்ணெய் தண்ணீருக்கு அடியில் மண்ணோடு மாட்டிக்கொள்ளும். பிறகு வருஷக்கணக்கில் பென்சீனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பொங்கி, சித்திரை, வைகாசியில் வற்றிப் போகும் நம் கிணறுகளில் மோட்டார் இல்லாமலே இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. கண்டபடி இறைத்தால் இன்னும் மோசமாகும்.

இதற்கு உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட உதாரணங்களில் ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20-ஆம் தேதி அங்கே ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. இறைத்தார்கள், பள்ளம் தோண்டி எடுத்தார்கள், கொஞ்சத்தை எரித்தார்கள். அவ்வளவும் செய்த பிறகு சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தையே ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமாக வைத்து ஆராய்ந்து வருகிறது.

அங்கே இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது ஆறுதலானது. அந்த மண்ணில் தண்ணீர் நாளுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அந்தக் கணக்குப்படி பென்சீன் வெகுதூரம் போயிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகவில்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைத் தின்றுகொண்டே வந்தன. ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகும், மண்ணில் இருக்கும் இரும்பைப் பயன்படுத்திக்கொண்டு அந்த வேலையைத் தொடர்ந்தன. இரண்டாவது, நம் அவசரத்துக்குப் பிடிக்காத பாடம். 1999 முதல் 2004 வரை மறுபடியும் கிணறு போட்டு எண்ணெயை எடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் சுமார் 1,14,000 லிட்டர் கிடைத்தது. மிச்சம் அதைவிட அதிகமாக உள்ளேயே இருந்தது. தண்ணீரில் கரைந்த மாசு, எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

அப்படியானால் எங்கே இறைக்க வேண்டும், எங்கே காற்றைச் செலுத்தி நுண்ணுயிரிகளுக்கு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், எங்கே கை வைக்காமல் கண்காணித்தால் போதும்? இதை ஊகத்தில் சொல்ல முடியாது. கணக்கு தேவைப்படுகிறது.

அந்தக் கணக்கின் வேர் பிரான்சில் இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். திஜோன் நகரில் 1803-இல் பிறந்தவர் ஆன்ரி தார்சி. 'போன் எ ஷோஸ்ஸே' பொறியாளர். இந்தப் பெயர் நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல, பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரியில் பொதுப்பணித் துறைக்கு இதுதான் பெயர். தார்சி, ரொஸ்வார் ஊற்றிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் கட்டித் தன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். பிறகு ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை விட்டு, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளந்தார். 1856-இல் வந்த அவருடைய 'திஜோன் நகரின் பொது நீரூற்றுகள்' என்ற நூலின் அனுபந்தத்தில் அந்த முடிவு இருக்கிறது. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும், முக்கியமான சங்கதி பெரும்பாலும் அனுபந்தத்தில்தான் இருக்கும்.

தார்சி சொன்னது இவ்வளவுதான். மணல் வழியாகத் தண்ணீர் ஓடும் அளவு, இரு முனைகளுக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு. மணல் வழி நீளமானால் ஓட்டம் குறையும். மண்ணின் குணத்துக்கு ஓர் எண். பருமணலுக்குப் பெரிய எண், களிமண்ணுக்கு மிகச் சிறிய எண்.

இன்றைய கம்ப்யூட்டர் மாடல் செய்வது இதே வேலையைத்தான். பூமியைச் சதுரங்கப் பலகை போலச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும், ஆழத்திலும் பல அடுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் இடையே தார்சி விதியைப் போடும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு. லெட்ஜர் எழுதியவர்களுக்கு இது விளங்காமல் போகாது. ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு ஒரே நேரத்தில் வரவு செலவு பார்ப்பதால் மனிதக் கை போதாது, கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. 1984-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்ற மென்பொருள் இந்த வகையில் மிகப் பிரபலம். காசு கொடுக்காமலே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் போகும் வழியை அது சொல்லும். அதன் மேல் பென்சீன் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு மண்ணில் ஒட்டுகிறது, நுண்ணுயிரிகள் எவ்வளவு தின்கின்றன என்று சொல்லும் மாடல்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மாடல், "இப்படிச் செய்தால் இப்படி நடக்கும்" என்று மட்டுமே சொல்லும். "எப்படிச் செய்யலாம்" என்று கேட்டால் வேறொரு கணக்கு வேண்டும். தமிழில் அதை உகப்பாக்கம் என்கிறார்கள். ஏன் வேண்டும் என்று ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். கிணறு போடத் தோதான இடங்கள் 20 இருக்கின்றன. ஐந்து கிணறுதான் போட முடியும். எந்த ஐந்து? 15,504 விதங்களில் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கிணற்றிலும் ஐந்து விதமான வேகத்தில் இறைக்கலாம் என்றால் மொத்தம் 4 கோடியே 84 லட்சத்துக்கு மேல் வரும். ஒரு தடவை மாடலை ஓட்ட ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க 92 வருஷம் ஆகும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இதற்குக் குறுக்கு வழிகள் உண்டு. 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை ஒன்று. எல்லாச் சாத்தியங்களையும் பார்க்காமல், ஒரு மூலையிலிருந்து அதைவிட நல்ல மூலைக்கு நகர்ந்து நகர்ந்து விடையை அடைவது. நல்ல விதைகளைப் பொறுக்கிக் கலந்து அடுத்த தலைமுறைக்குப் போவது போன்ற முறையும் இருக்கிறது. எந்த முறையானாலும் நாம் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். எதைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. எதை மீறக் கூடாது என்பது இன்னொன்று. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரசாங்க ஆபீசில் கோப்பு எழுதியவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். உத்தரவு கடைசிப் பக்கத்தில் இருக்கும், ஆனால் முடிவு முதல் குறிப்பிலேயே எடுக்கப்பட்டிருக்கும். "குறைந்த செலவில் முடிக்கப் பரிசீலிக்கலாம்" என்று முதல் குறிப்பில் எழுதிவிட்டால், மேலே போகும் ஒவ்வொரு அதிகாரியும் செலவைப் பற்றியே பேசுவார். "குடிநீருக்கு ஆபத்து இல்லாமல்" என்று ஆரம்பித்திருந்தால் பேச்சே வேறு. கம்ப்யூட்டரும் அப்படித்தான். செலவைக் குறை என்றால் செலவைக் குறைக்கும். காலத்தைக் குறை என்றால் காலத்தைக் குறைக்கும். அந்தப் பத்து வருஷமும் எந்தத் தெருக்காரர்கள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று அது தானாகக் கேட்காது. அதைக் கேட்கச் சொல்லி நாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கில் சிக்கனமான விடை பெரும்பாலும் விளிம்பில் போய் நிற்கும். பென்சீன் 10-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதினால், கணக்கு தரும் திட்டத்தில் ஏதோ ஒரு கிணற்றிலாவது அளவு சரியாக 10-இல் வந்து நிற்கும். அதற்குக் கீழே போனால் வீண் செலவு என்பது அதன் நியாயம். காகிதத்தில் சரி. ஆனால் மண்ணின் குணத்தை நாம் நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்துத்தானே எழுதினோம்? ஐந்தாவது இடத்தில் மணல் அடுக்கு ஒன்று இருந்தால் 10 என்பது 15 ஆகும், 20 ஆகும். அதனால் ஒரே மண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், இருக்கக்கூடிய பல வித மண்ணையும் வைத்துப் போட்டு, பெரும்பாலானவற்றில் தாங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவு கூடும். கூடட்டும் என்பது என் கட்சி.

இந்த எச்சரிக்கையைச் சொன்னது நான் மட்டுமில்லை. லெனார்ட் கோனிகோ, ஜான் ப்ரெடஹோஃப்ட் என்ற இரண்டு பேர் இந்த மாடல்களை உருவாக்குவதில் முன்னோடிகள். அவர்களே 1992-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிலத்தடி நீர் மாடலை 'சரி' என்று யாரும் நிரூபிக்க முடியாது, தவறு என்று வேண்டுமானால் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். அதற்காக மாடலே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது பலருக்கு நினைவிருக்கும். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் எண்ணெய்க் குழாயில் கசிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். பெமிட்ஜியில் காட்டுக்கு நடுவே எண்ணெய் கொட்டியது, தண்டையார்பேட்டையில் வீடுகளுக்கு அடியில். அமெரிக்கப் புத்தகத்தில் நாலைந்து கிணற்றை வைத்துக் கணக்குப் போடுவார்கள். நம் தெருவில் வீட்டுக்கு ஒரு போர்வெல். காலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும். ஒவ்வொரு மோட்டாரும் அடியில் இருக்கும் பென்சீனைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைக் கணக்கில் சேர்க்காத மாடல் எவ்வளவு அழகாகக் கலர் படம் காட்டினாலும் நமக்கு உதவாது.

புதுச்சேரிக்காரனாக எனக்கு இதில் தனிக் கவலை உண்டு. நம் ஊர் குடிப்பது நிலத்தடி நீர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்துத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்ததைக் கொண்டாட ஆயி மண்டபமே கட்டினார்கள். அந்தத் தண்ணீரின் மதிப்பு அப்போது தெரிந்திருந்தது. இன்று எத்தனை பெட்ரோல் பங்க், ஒவ்வொன்றிலும் பூமிக்கு அடியில் தொட்டி. தொட்டி துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

"கம்ப்யூட்டர், மாடல் என்றெல்லாம் பேசுவது காலம் கடத்தத்தான்" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆய்வு நடக்கிறது, அறிக்கை வரட்டும் என்று சொல்லியே வருஷங்களை ஓட்ட முடியும். அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கசிவை நிறுத்தவும், மிதக்கும் எண்ணெயில் கைக்கு எட்டியதைக் கவனமாக எடுக்கவும், அந்தத் தெருவுக்கு லாரியிலாவது நல்ல தண்ணீர் கொடுக்கவும் எந்த மாடலும் தேவையில்லை. அன்றைக்கே செய்யலாம். அதற்குப் பிறகு வரும் பத்து, இருபது வருஷ வேலைக்குத்தான் கணக்கு வேண்டும். வீட்டுக்கு ஓட்டை விழுந்தால் முதலில் வாளி வைக்கிறோம், பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு அளவு எடுக்கிறோம். இரண்டும் வேண்டும்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, கிணற்றுக் கணக்கு. ஒவ்வொரு தெருவிலும் எத்தனை போர்வெல், எத்தனை அடி ஆழம், மழைக்காலத்தில் நீர்மட்டம் எங்கே, கோடையில் எங்கே. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு ரெஜிஸ்டர், ஒரு டேப், பொறுமையான ஒரு ஆள் போதும். விபத்து நடந்த பிறகு ஓடிப்போய் எடுக்கும் கணக்கைவிட, முன்கூட்டியே இருக்கும் கணக்கு பத்து மடங்கு உபயோகம். பழைய அளவு இல்லாமல் மாடலைச் சரிபார்க்கவே முடியாது.

இரண்டாவது, அந்த முதல் குறிப்பு. எதைக் குறைக்கிறோம், எதை மீற மாட்டோம் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தத் தெருவில் இருப்பவர்கள் முன் வைக்க வேண்டும். சமன்பாடு யாருக்கும் வேண்டாம். "இந்தத் திட்டத்தில் உங்கள் கிணறு எட்டு வருஷத்துக்கு உதவாது, செலவு இவ்வளவு. அந்தத் திட்டத்தில் நாலு வருஷம், செலவு இரண்டு மடங்கு." இப்படிச் சொன்னால் யாருக்குப் புரியாது? சாலை போட, ஆலை கட்டக் கருத்துக் கேட்கிறார்கள். இதற்கும் கேட்கட்டும்.

மூன்றாவது, வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு பக்கம் மாடல் சொன்ன அளவு, பக்கத்தில் கிணற்றில் எடுத்த அளவு, மூன்றாவது கட்டத்தில் வித்தியாசம். பட்ஜெட் எஸ்டிமேட்டும் நடப்புச் செலவும் அடுத்தடுத்துப் போடுகிறோமே, அதே படிவம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மாடலைத் திருத்த வேண்டும், திட்டத்தையும் திருத்த வேண்டும். அந்தத் தாளை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும்.

இந்தச் செலவையெல்லாம் யார் தருவது என்று கேட்பீர்கள். எண்ணெயைச் சிந்தியவர் தருவதுதான் சட்டத்தின் நியாயம். சரியாகப் போட்ட கணக்கு இருந்தால் அவரும் "முடிந்த மட்டும் செய்துவிட்டோம்" என்று பாதியில் கையைக் கழுவ முடியாது. எத்தனை வருஷம், எவ்வளவு தண்ணீர், எந்த அளவு என்று எழுத்தில் இருக்கும். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர் மாடலால் சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்.

உங்கள் தெருவில் பெட்ரோல் பங்கோ எண்ணெய்க் குழாயோ இருந்தால், இந்தக் கோடையில் ஒரு நாள் உங்கள் போர்வெல்லின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மழைக்குப் பிறகு இன்னொரு முறை. தண்ணீரில் வாடை வருகிறதா என்றும் ஒரு வரி. பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் ஆர்வமாகச் செய்வார்கள். அந்த நோட்டுக்கு வேலையே வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வோம். ஒருவேளை வந்தால், அதில் இருக்கும் நாலு எண்களுக்கு எந்தப் பெரிய மென்பொருளும் ஈடாகாது.